கோபுரத்து ஊதுகாரர்கள்

1795-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரு புத்தகம் அச்சேறியது. டிரம்பெட்டும் டிம்பனி முரசும் வாசிக்கும் கலையின் வரலாற்றையும் பயிற்சி முறையையும் சொல்லும் நூல். எழுதியவர் யோஹான் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்க். டிரம்பெட்டைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர் அப்போது டிரம்பெட் வாசித்துப் பிழைக்கவில்லை. பிட்டர்ஃபெல்ட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். வயது 60-ஐத் தொட்டிருந்தது. தந்தை வைசன்ஃபெல்ஸ் அரண்மனையின் டிரம்பெட் வித்வான். அக்காலத்துத் தொழில்கள் பலவற்றைப் போல அதுவும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. மகனும் முறைப்படி கற்றுத் தேறினார். ஆனால் அவர் தேறி வெளியே வந்தபோது வாசிக்க அரண்மனை இல்லை. 1746-இல் வைசன்ஃபெல்ஸ் பிரபுக்களின் வம்சம் அற்றுப்போய், அந்தச் சமஸ்தானம் சாக்சனியோடு கலந்துவிட்டது. ஏழாண்டுப் போரில் படையோடு டிரம்பெட் ஊதி அலைந்துவிட்டு, திரும்பி வந்து, கிடைத்த ஆர்கன் வேலையில் ஒதுங்கினார். அங்கே உட்கார்ந்துகொண்டுதான், கற்றும் கைக்கு உதவாமற்போன ஒரு வித்தையை, இனி எவருக்கும் தேவைப்படாது என்று அவருக்கே தோன்றியிருக்கக்கூடிய ஒரு வித்தையை, ஒன்று விடாமல் எழுதி வைத்தார்.

அந்த மனிதரை இன்றைக்கு நினைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் பிபிசி, இங்கிலாந்தில் தான் நடத்தும் இசைக்குழுக்களின் நிரந்தர இடங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் வேறு வழி பார்ப்பதாகச் சொன்னது. ஒரு நல்ல இசைக்குழுவில் ஒரு டிரம்பெட் நாற்காலி காலியானால் அதற்கு வந்து குவியும் விண்ணப்பங்களைப் பற்றியும், முழு ஹார்ன் வரிசையையும் விசைப்பலகையில் ஒரு விரல் எழுப்பிவிடும் மென்பொருட்களைப் பற்றியும் இசைக்கல்லூரி வாசல்களில் பேசாதவர்கள் இல்லை. அந்தக் கவலைகள் பொய்யல்ல. ஆனாலும் பித்தளை ஊதுகிறவர்களின் கதையைச் சற்றுப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தவருக்கு, இதே கவலையை இதே முகத்தோடு முன்பும் பார்த்திருக்கிறோமே என்ற நினைப்பு வராமல் போகாது. பித்தளை வாத்தியக்காரருக்கு எப்போதும் ஒரு புரவலர் தேவைப்பட்டார். அரசர், நகர சபை, நாடக அரங்கு, சினிமாக் கொட்டகை, வானொலி என்று அந்தப் புரவலர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொருவரும் போகும்போது, அவருக்கென்று வளர்ந்த வாசிப்பு முறை ஒன்றையும் கூடவே கொண்டு போயிருக்கிறார்.

ஆல்டன்பர்க்கின் தந்தை தலைமுறை எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். 1623-இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், டிரம்பெட்காரர்களுக்கும் டிம்பனிக்காரர்களுக்கும் தனிச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சாசனமாகத் தந்தார். சாக்சனியின் ஆட்சியாளர் அதற்குக் காவலர். சங்கத்தில் சேராதவர் டிரம்பெட்டைத் தொடக்கூடாது. சேர்ந்தவர் வித்தைக்காரர்களோடும் தெருப் பாடகர்களோடும் உட்கார்ந்து வாசிக்கக்கூடாது. படை டிரம்பெட்டர் வெறும் இசைக்காரர் அல்ல, தூதரும் கூட. எதிரி முகாமுக்குள் போய்ச் செய்தி சொல்லிவிட்டுத் திரும்ப அவரால் முடியும், அவர் மேல் கைவைப்பது முறையல்ல. போர்க்களத்து அழைப்புகளை ஏட்டில் எழுதுவது கிடையாது. குருவின் வாயிலிருந்து சீடன் காதுக்கு மட்டும். நகர சபைச் சம்பளத்தில் இருந்த ஊதுகாரர்கள் டிரம்பெட்டை எடுத்துவிட்டார்கள் என்று அவர்களோடு ஓயாத வழக்கு. வைசன்ஃபெல்ஸ் போன்ற ஒரு சின்ன ஊரே டிரம்பெட்டால் பேர் வாங்கியிருந்தது: இசையமைப்பாளர் பாஹின் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவின் தந்தை அங்கே அரண்மனை டிரம்பெட்டர், பாஹுக்கு லைப்சிக்கில் டிரம்பெட் வாசித்த காட்ஃபிரீட் ரைஹே பிறந்த ஊரும் அதுவே. இத்தனை இறுக்கமாகக் கட்டிய சங்கங்கள், கட்டிக்காத்த அரண்மனைகள் மங்கியதும் தாமும் மங்கி, 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதிக்குள் கலைந்தே போயின.

அவர்கள் வாசித்த கருவியில் வால்வு கிடையாது, துளை கிடையாது. இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட ஒரு குழாய், மடித்து வளைத்தது, அவ்வளவுதான். நம் கோயில் திருவிழாவில் கொம்பும் தாரையும் எக்காளமும் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உதட்டின் இறுக்கம் ஒன்றுதான் சுரத்தை மாற்றும். அதுவும் நினைத்த சுரமெல்லாம் வராது. கீழே ஸட்ஜம், அதன் பின் பஞ்சமம், மீண்டும் மேல் ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று படிகள் எட்ட எட்ட நிற்கும். மேலே ஏற ஏறத்தான் படிகள் நெருங்கி வரும். எட்டாவது படிக்கு மேல்தான் ஒரு மெட்டை வரிசையாக வாசிக்க இடம் கிடைக்கும். அங்கேயும் ஒரு வம்பு: பதினோராவது படி சுத்த மத்யமமாகவும் நிற்காது, பிரதி மத்யமமாகவும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் தொங்கும். அதை உதட்டாலேயே மேலே தள்ளியோ கீழே அமுக்கியோ இடத்துக்கு ஏற்றபடி ஒப்பேற்றுவதுதான் அக்கால வித்வானின் திறமை. அந்த உயரத்தில் மென்மையாக, பாடகருக்குத் துணையாக, மணிக்கணக்கில் வாசிப்பதற்கு ஆண்டுக்கணக்கான சாதகம் வேண்டும். பாஹ் எழுதிய டிரம்பெட் பகுதிகள் அந்தச் சாதகத்தை நம்பி எழுதியவை.

ரைஹேயின் முடிவு அந்தக் காலத்தை அருகில் காட்டுகிறது. 1734 அக்டோபரில் சாக்சனியின் ஆட்சியாளர் லைப்சிக் வந்திருந்தபோது இரவில், நூற்றுக்கணக்கான தீவட்டிகளின் வெளிச்சத்தில், பாஹின் வாழ்த்துக் கந்தாட்டா (வாத்தியங்களோடு பாடும் உருப்படி) ஒன்று திறந்தவெளியில் அரங்கேறியது. ரைஹேக்கு அப்போது 67 வயது. முதல் டிரம்பெட் அவரே. மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். முந்தின இரவு வாசித்த சிரமமும் தீவட்டிப் புகையும் சேர்ந்து கொன்றதாக ஊரார் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் பாஹையும் வரைந்த ஹவுஸ்மான், ரைஹேயையும் வரைந்திருக்கிறார்: ஒரு கையில் சுருட்டி மடித்த டிரம்பெட், மறு கையில் சுரம் எழுதிய தாள். நகர சபைச் சம்பளக்காரர் ஒருவருக்கு எண்ணெய் ஓவியம்! மதிப்பு இருந்த காலம்தான் அது. ஆனால் 67 வயதில் அவரை அந்த இரவு வாசிப்பிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

ஹார்ன்காரர்களின் கதை இன்னும் கரடுமுரடானது. காட்டில் வேட்டைக்கு ஊதிய கொம்பு அரங்குக்குள் வந்ததும், டிரெஸ்டனின் ஹாம்பல் போன்றவர்கள் அதன் வாய்க்குள் கையைச் செருகி இடைச் சுரங்களை வரவழைக்கும் உத்தியை வளர்த்தார்கள். அதில் ஐரோப்பாவே வியந்த ஒருவர் பொஹீமியாவில் பிறந்த யான் வாக்லாவ் ஸ்டிஹ். தூன் பிரபுவின் பண்ணையில் பிறந்ததால் பிரபுவுக்கே உரிமையானவர். பிரபு செலவில் படித்தவர். சுமார் இருபது வயதில் தோழர்களோடு எல்லை தாண்டி ஓடிவிட்டார். பிடித்தால் இனி ஹார்ன் ஊதவே முடியாதபடி முன்பற்களை உடைத்துவிடுங்கள் என்று பிரபு ஆள் அனுப்பினார் என்பது அவரைப் பற்றி இன்றும் சொல்லும் கதை. தப்பியவர் ஜொவான்னி புந்தோ என்று இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1800-இல் பீத்தோவன் ஹார்ன் சொனாட்டா எழுதியது அவருக்காகவே. அதே தலைமுறையின் இன்னொரு ஹார்ன்காரர் யோசஃப் லாய்ட்கெப். மோஸார்ட் தம் ஹார்ன் கச்சேரி உருப்படிகளை எழுதியது இந்த நண்பருக்குத்தான். ஏட்டின் ஓரங்களில் அவரைக் கழுதை, மாடு என்றெல்லாம் கிண்டலடித்து எழுதி வைத்திருக்கிறார். சால்ஸ்பர்க் அரண்மனை வேலையை விட்டு வியன்னா வந்த லாய்ட்கெப், ஹார்னை மட்டும் நம்பாமல், கடன் வாங்கி ஒரு பாலாடைக்கட்டிக் கடை உரிமத்தையும் கையில் வைத்திருந்தார். பாதி நாள் வகுப்பெடுத்து, பாதி நாள் கல்யாணத்தில் வாசித்து, இடையில் வண்டி ஓட்டும் இன்றைய இளைஞருக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறதா, எரிச்சல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வால்வு வந்தது. வந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: அரண்மனைச் சங்கத்திலிருந்து அல்ல. சிலேசியாவில் ஒரு பிரபுவின் பேண்டில் ஹார்ன் வாசித்த ஹைன்ரிஹ் ஸ்டோல்ஸலும், அதே பகுதிச் சுரங்கத் தொழிலாளர் பேண்டில் வாசித்த ஃபிரீட்ரிஹ் புளூமலும், இது என் கண்டுபிடிப்பு, உன்னுடையதல்ல என்று முதலில் முட்டிக்கொண்டு, பிறகு 1818-இல் பெர்லினில் சேர்ந்தே காப்புரிமை வாங்கினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் குழாயின் நீளம் கூடும். எட்டாத சுரங்களெல்லாம் எட்டும். சங்கம் நூறாண்டுக்கு மேல் கட்டிக்காத்த உதட்டு ரகசியத்தில் பெரும்பகுதி ஒரே அழுத்தில் பொருளிழந்தது. 1835-இல் வீப்ரெஹ்ட்டும் மோரிட்ஸும் பெர்லினில் டூபாவைக் கொண்டுவந்தார்கள். பாம்பு போல் வளைந்த செர்பென்ட்டும், பெர்லியோஸும் மெண்டெல்சனும் விரும்பி எழுதிய ஓஃபிகிளைடும் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றன. அவற்றை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் கேட்பதில்லை.

வருத்தப்பட்டவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். வால்வு ஹார்னை வாக்னரைப் போல் பயன்படுத்திக்கொண்டவர் இல்லை. அவரே டிரிஸ்டான் ஆப்பராவின் இசை ஏட்டு முகப்பில், இதனால் பெற்றது பெரிதென்றாலும் நாதத்தின் அழகிலும் சுரத்தோடு சுரம் வழுக்கிச் சேரும் நயத்திலும் இழப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். பிராம்ஸின் தகப்பனார் ஹாம்பர்க்கில் ஹார்ன் ஊதிப் பிழைத்தவர். 1865-இல், தாய் இறந்த ஆண்டில், பிராம்ஸ் எழுதிய மூவர் இசைக்கு வால்வில்லாத பழைய காட்டுக் கொம்புதான் வேண்டும் என்று அவர் விரும்பினார். ஹார்ன் வாசித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வால்வுக்கு மாறியிருந்தார்கள். அதே 1865-இல் மியூனிக்கில் டிரிஸ்டான் அரங்கேறியபோது முதல் ஹார்ன் வாசித்த ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ், பின்னாளில் பேர்பெற்ற ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் தந்தை, வாக்னரின் இசையை மனதார வெறுத்தார். வெறுத்தும் பிசகில்லாமல் வாசித்தார். சம்பளக்காரரின் கண்ணியம் என்று ஒன்று உண்டல்லவா, அதன் உச்சம் அதுவென்று எனக்குத் தோன்றும்.

வால்வின் இன்னொரு விளைவு பெரியது. ஐந்தாறு ஆண்டு உதட்டுச் சாதகம் இல்லாமலே ஒருவர் மெட்டு வாசித்துவிடலாம் என்றானதும், பித்தளை வாத்தியம் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ராணுவ முகாமுக்கும் போய்ச் சேர்ந்தது. வடக்கு இங்கிலாந்தின் நெசவாலைகள் தங்கள் பெயரிலேயே பேண்டு வைத்தன. பிளாக் டைக் இன்றும் இருக்கிறது. அந்த அலை நம் கரைக்கும் வந்தது. வால்வு வருவதற்கு முன்பே சென்னைக் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்திருக்கிறார். கமகம் இல்லாமல் நேராக நடக்கும் சங்கராபரண மெட்டுகள், பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரும் மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். பின்னர் ரெஜிமெண்டுகள் போயின, மன்னர்கள் போனார்கள், வாத்தியங்கள் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் நின்றுவிட்டன. மீரட்டில் இன்றும் அவற்றை அடித்து வளைத்துச் செய்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் வந்த பேண்டு செட்டில் ஒரு பெரியவர் யூஃபோனியம் வாசிப்பார். ஊர்வலம் நிற்கும் இடத்தில் வாத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே தேங்கிய நீரைத் தெருப் புழுதியில் உதறுவார். பிறகு சட்டைக் கையால் ஊதுவாயைத் துடைத்துவிட்டு, ஒரு சினிமாப் பாட்டுக்கும் இன்னொரு சினிமாப் பாட்டுக்கும் நடுவில், யாரும் கேட்காமலே, பழைய பட்டாள நடை ஒன்றை நாலு வரி வாசிப்பார். அதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். “எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது தம்பி” என்றார்.

வாத்தியார் சொல்லிக் கொடுத்தது என்ற அந்தச் சங்கிலியை லண்டனில் கிட்டத்தட்ட ஆள் ஆளாகத் தொட்டுப் பார்க்க முடிகிறது. 1904-இல் குவீன்ஸ் ஹால் இசைக்குழுவில், பதிலி அனுப்பும் வழக்கத்தை நடத்துநர் ஹென்றி உட் ஒழித்தார். அது வரை ஒத்திகைக்கு ஒருவர் வருவார், கச்சேரிக்கு வேறொருவர் வருவார். அதிகக் கூலி கிடைக்கும் வேலை வந்தால் ஆள் மாற்றிவிட்டுப் போவது லண்டன் வாத்தியக்காரர் எல்லோருக்கும் பழக்கம். நிரந்தரச் சம்பளம் இல்லாத உலகில் அதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே காப்பீடு. அதைப் பறித்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேறி, முதலாளி இல்லாமல் தாங்களே நடத்தும் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். அந்தக் கலகத்தை முன்னின்று நடத்திய நால்வரில் மூவர் ஹார்ன்காரர்கள், ஒருவர் டிரம்பெட்காரர் என்பது எனக்கு எப்போதும் உவப்பான செய்தி. ஹார்ன் மூவரில் முதல்வர் அடால்ஃப் போர்ஸ்டார்ஃப், சாக்சனியில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்து நிலைத்தவர். பத்தாண்டு கழித்து முதல் உலகப் போர் வந்தது. தான் கூடக் கட்டிய குழுவிலிருந்தே, ஜெர்மன் பிறப்பு என்பதற்காக, அவர் விலக வேண்டியதாயிற்று.

போர்ஸ்டார்ஃபின் மாணவர் ஆப்ரி பிரெய்ன். ஆப்ரியின் மகன் டென்னிஸ் பிரெய்ன். பிரெய்ன் குடும்பத்தில் ஆப்ரியின் தகப்பனாரும் அண்ணனும்கூட ஹார்ன்காரர்களே. ஆப்ரி கடைசி வரை பாரிஸின் ராவூ பட்டறை செய்த மெல்லிய குழாய் ஹார்னை விடவில்லை. ஜெர்மன் பாணியின் அகலக் குழாய் ஹார்ன்கள் பாதுகாப்பானவை, ஆனால் அவற்றின் ஒலி ஹார்னின் ஒலியல்ல என்பது அவர் கட்சி. மகனும் அதே ராவூவில்தான் வளர்ந்தார். இசையமைப்பாளர் பிரிட்டன் 1943-இல் எழுதிய செரனேடை முதலில் வாசித்ததும் அவரே. ஆனால் 1951-இல் அவரும் ஜெர்மன் அலெக்ஸாண்டர் ஹார்னுக்கு மாறினார். பெரிய அரங்கு, பெரிய குழு, பிசகே பொறுக்காத ஒலிப்பதிவு. கால்நூற்றாண்டுக்கு முன் தந்தை மறுத்ததை மகன் ஏற்றுக்கொள்ள இவை போதும். ஒத்திகையின்போது நோட்டுத் தாங்கியில் மோட்டார் கார் பத்திரிகையை விரித்து வைத்துப் படித்துக்கொண்டே தன் இடம் வந்ததும் வாசிப்பார் என்பார்கள். 1957 செப்டம்பர் முதல் தேதி விடியற்காலையில், எடின்பரோவில் கச்சேரி முடித்து இரவெல்லாம் காரோட்டி லண்டன் திரும்பும் வழியில், ஹாட்ஃபீல்ட் அருகே கார் மரத்தில் மோதி இறந்தார். வயது 36. நசுங்கிய அலெக்ஸாண்டர் ஹார்னை லண்டனில் சீர் செய்தார்கள். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. சீர் செய்த பித்தளையில் மடிப்பின் அடையாளத்தைத் தேடுவது கண்ணின் பலவீனம்.

இயந்திரத்தின் பக்கம் வந்தால், அது முதலில் பித்தளைக்கு நண்பனாகத்தான் வந்தது. மைக் வருவதற்கு முந்தைய ஒலிப்பதிவில் பெரிய தகரப் புனல் ஒன்றுதான் காது. டபுள் பாஸின் மெல்லிய நாதம் அதில் விழாது என்பதால் அதன் இடத்தில் டூபாவை உட்காரவைத்தார்கள். ஹார்னின் வாய் பின்னோக்கி இருக்குமாதலால் ஹார்ன்காரர்கள் புனலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடத்துநரைக் கண்ணாடியில் பார்த்து வாசித்தார்கள். 1927-க்குப் பின் பேசும் படம் வந்ததும் அந்த நட்பு முறிந்தது. ஊமைப் படத்துக்குத் திரைக்கு முன் வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவில் வேலையிழந்தார்கள். அவர்களுடைய சங்கம் பத்திரிகைகளில், இசையைப் பிழிந்தெடுக்கும் இரும்பு ரோபோவின் படம் போட்டு விளம்பரம் செய்தது. டப்பாவில் அடைத்த இசை என்று அதற்குப் பெயர். மக்கள் அந்த டப்பாவை விரும்பினார்கள். கோடம்பாக்கத்தில் இதே நாடகம் அறுபதாண்டு தாமதமாக நடந்தது. பாட்டு ஒலிப்பதிவென்றால் ஐம்பது, அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்த காலம் போய், 1990-களில் கீபோர்டும் கணினியும் அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கின. அதில் டிரம்பெட் நாற்காலியும் உண்டு. 1930-இன் ரோபோ விளம்பரத்தை இன்று எடுத்துப் பார்த்தால், இந்த வாரம் வரைந்தது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

கதவுகள் சாத்தியே இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பழமையை நினைத்து ஏங்குகிறவர்கள் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான். சங்கத்தின் சாசனத்தில் பெண்ணுக்கு இடமே இல்லை, அரண்மனை வரிசையிலும் இல்லை. 1980-இல் மியூனிக் பில்ஹார்மனிக்கின் தலைமை டிராம்போன் இடத்துக்கு நடந்த தேர்வுக்கு அமெரிக்கரான ஏபி கானண்டை, பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்து, திரு ஏபி கானண்ட் என்று விளித்து அழைத்தார்கள். முதல் சுற்று திரைக்குப் பின்னால். 33 பேர் வாசித்தார்கள். 16-ஆவதாக வாசித்தவர்தான் வேண்டும் என்று தேர்வாளர்கள் முடிவு செய்தார்கள். திரை விலகி அவர் முன்னால் வந்தபோது அரங்கமே திகைத்தது. இரண்டு ஆண்டில் நடத்துநர் செலிபிடாக்கே அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார். வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. மூச்சு போதுமா என்று நுரையீரல் பரிசோதனைக்குக்கூட அவர் போக வேண்டியிருந்தது. வென்றார். வென்ற பின் 1993-இல் அந்தக் குழுவை விட்டு டிராஸிங்கன் இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 2006-இல் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் டூபா நாற்காலியில் கல்லூரிப் படிப்பின் கடைசி ஆண்டிலிருந்த கேரல் யான்ச் தேர்வானபோது, தேர்ந்தெடுத்தது சரியா என்று யாரும் நீதிமன்றம் போகவில்லை.

ஒலியும் வளர்ந்துகொண்டே வந்தது. அகலக் குழாய், பெரிய மணிவாய், சிகாகோ இசைக்குழுவின் பித்தளை வரிசை உலகெங்கும் தந்த முன்மாதிரி. அங்கே அடால்ஃப் ஹெர்செத் 1948 முதல் 2001 வரை முதல் டிரம்பெட் நாற்காலியில் இருந்தார், இடையில் கார் விபத்தில் பல்லும் உதடும் சிதைந்து, மீண்டும் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு. 2012-இல் லண்டன் ராயல் ஆப்பராவின் குழியில் வாக்னர் ஒத்திகையில், பித்தளை வரிசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவரின் காது பழுதானது. உச்ச அளவு 130 டெசிபலைத் தாண்டியிருந்தது. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ரைஹேக்குத் தீவட்டிப் புகை. இவருக்குப் பின்னால் இருந்த டிரம்பெட்.

ஆல்டன்பர்க்கின் புத்தகத்துக்கு வருகிறேன். அச்சான காலத்தில் அது ஒரு கலையின் இரங்கல் குறிப்பு. அடுத்த நூறாண்டுகள், பாஹின் டிரம்பெட் பகுதிகளை யாரால் வாசிக்க முடிந்திருக்கும் என்று வியந்து, சின்ன டிரம்பெட்டுகள் செய்து ஒப்பேற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலருக்குப் பழைய நீளக் குழாயையே எடுத்து வாசித்துப் பார்க்க ஆசை வந்தது. வழி சொல்ல குருமார்கள் இல்லை. சங்கிலி அறுந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அருங்காட்சியகங்களில் நியூரன்பர்க் பட்டறைகள் செய்த டிரம்பெட்டுகள் இருந்தன, அதோடு வேலையில்லாமல் ஆர்கன் வாசித்த மனிதரின் புத்தகம் இருந்தது. 1974-இல் எட்வர்ட் டார் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், அவரே டிரம்பெட்காரர். இன்று ஐரோப்பாவில் பழைய இசைக் குழுக்களில் அந்த நீளக் குழாயை வாசித்துச் சம்பாதிக்கும் ஒரு தொழிலே இருக்கிறது. ஒரு சலுகை மட்டும்: பலரும் குழாயில் மூன்று, நான்கு சிறு துளைகள் போட்டுக்கொள்கிறார்கள், அந்தப் பதினோராவது படியின் பிடிவாதத்தை விரலால் அடக்குவதற்கு. ஆல்டன்பர்க் பார்த்தால் முகம் சுளிப்பார். துளையே இல்லாமல் வாசித்துக் காட்டுகிறவர்களும் பெருகி வருகிறார்கள் என்று சொன்னால் சமாதானமாவார் என்று நினைக்கிறேன்.

நகரக் கோபுரத்தில் நின்று ஊதும் வேலை, மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது, போலந்தின் கிராக்கோவில் இன்றும் இருக்கிறது. தீ மூண்டால் எச்சரிக்கவும், வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் நேரம் சொல்லவும் ஊதிய இடம் அது. இப்போது அந்தப் பொறுப்பு நகரத் தீயணைப்புத் துறையிடம் இருக்கிறது. ஊதுகிறவர் தீயணைப்புச் சீருடையில் சம்பளம் வாங்குபவர். புனித மரியாள் ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தில் இரவும் பகலும் ஒவ்வொரு மணிக்கும் அவர் ஜன்னலைத் திறந்து அதே பழைய மெட்டை ஊதுகிறார். முன்பொரு படையெடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவரின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாக ஊர்க்கதை. அதனால் மெட்டு முடியாது. நடுவில், ஒரு சுரத்தின் பாதியில், நின்றுவிடும். நின்றதும் அவர் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த திசைக்குப் போகிறார்.